வயதான மட்டக்குதிரை பின்னங்காலை இழுத்து நடந்தால்

கொடைக்கானல் ஏரிப் பக்கம் சவாரிக்கு வரும் மட்டக்குதிரைகளைக் காலையில், கூட்டம் சேர்வதற்கு முன் போய்ப் பாருங்கள். கொட்டிலிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருக்கும். மண் ஓரத்தில் குளம்புத் தடங்களுக்கு நடுவே சில இடங்களில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு தெரியும். பின்னங்காலை முழுதாகத் தூக்க முடியாமல், குளம்பின் முனையைத் தரையில் உரசிக்கொண்டே ஒரு குதிரை போயிருக்கிறது என்று அர்த்தம்.

என் பெரியப்பாவிடம் பாப்பா என்று ஒரு பெட்டைக் குதிரை இருந்தது. அப்போது அதற்கு 22 வயது. "காலையில கொஞ்சம் இழுக்குது, வெயில் ஏறினா சரியாயிடும்" என்பார். சரியாகிவிடவும் செய்தது. அதனாலேயே இரண்டு வருடம் அதை யாரும் நோயாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்ததும் விறைப்பு, நடக்க நடக்க இளக்கம். நம் வீட்டுப் பாட்டி கட்டிலிலிருந்து இறங்கி நாலு எட்டு வைக்கும்வரை முனகுவாரே, அதேதான். மூட்டுத் தேய்மானம் குதிரைக்கும் இப்படித்தான் தொடங்குகிறது.

எந்த மூட்டு?

குதிரையின் பின்னங்காலில் நடுவாக்கில், பின்பக்கம் கூராகத் துருத்திக்கொண்டு ஒரு மூட்டு இருக்கிறதல்லவா, அதைப் பெரும்பாலானோர் முட்டி என்று நினைக்கிறார்கள். அது முட்டி இல்லை. நம் உடம்போடு ஒப்பிட்டால் அது கணுக்கால். துருத்தி நிற்கும் முனை குதிகால் எலும்பு. அதை ஹாக் என்பார்கள். உண்மையான முட்டி இன்னும் மேலே, அடிவயிற்றை ஒட்டி, தொடைச் சதைக்குக் கீழே இருக்கிறது. அதன் பெயர் ஸ்டைஃபிள். ஆக, குதிரை வாழ்நாள் முழுக்க நுனிக்காலில், ஒற்றை விரலின் நகத்தின் மேல் நிற்கிற பிராணி. குளம்பு என்பது அந்த நகம்தான்.

இந்த ஹாக் வெளியிலிருந்து பார்க்க ஒரே மூட்டு. உள்ளே நான்கு அடுக்கு. மேல் அடுக்கு கதவுக் கீல் போல மடங்கி விரிகிறது. ஹாக்கின் அசைவு ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் நடக்கிறது. கீழே இருப்பவை தட்டையான சிறு எலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல இருக்கும். அவற்றுக்கிடையே அசைவு மிகக் குறைவு. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் வரும் அதிர்வையும் முறுக்கையும் வாங்கிக்கொள்வதுதான் அவற்றின் வேலை. வயதான குதிரையின் பின்னங்காலில் தேய்மானம் அதிகம் வருவது அடியில் உள்ள கடைசி இரண்டு அடுக்குகளில். குதிரைக்காரர்கள் இதற்கு வைத்த பழைய பெயர் ஸ்பாவின்.

எலும்பு முனைகளில் வழுவழுப்பாக ஒரு குருத்தெலும்புப் பூச்சு உண்டு. அது மெலிந்து, சில இடங்களில் உரிந்துபோகிறது. மூட்டுக்குள் இருக்கும் எண்ணெய் போன்ற நீர் நீர்த்துப்போகிறது. மூட்டின் உள்சவ்வு வீங்கி வலிக்கிறது. உடம்பு சும்மா இருக்காமல் மூட்டின் ஓரங்களில் புது எலும்பை வளர்த்துவிடுகிறது. ஹாக்கின் உள்பக்கம், சற்றுக் கீழே, கையை வைத்துத் தடவினால் சில குதிரைகளில் கெட்டியான ஒரு மேடு தட்டுப்படும். இரண்டு கால்களையும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

இங்கே ஒரு விசித்திரம். அசைவு மிகக் குறைந்த அந்தக் கீழ் அடுக்குகளில் எலும்பு வளர்ந்து வளர்ந்து, கடைசியில் இரண்டு எலும்பும் ஒட்டி ஒன்றாகிவிடுவது உண்டு. ஒட்டிவிட்டால் உரசல் இல்லை. உரசல் இல்லையென்றால் வலியும் இல்லை. குதிரை கொஞ்சம் விறைப்பாக நடக்கும், ஆனால் நொண்டாது. எக்ஸ்ரேயில் பார்க்கப் படுமோசமாக இருக்கும் கால் நன்றாக நடப்பதும், லேசான மாற்றம் மட்டுமே உள்ள கால் துடிப்பதும் இதனால்தான். ஆனால் இதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. ஒட்டுவதற்கு வருடக்கணக்கில் ஆகலாம், ஒட்டாமலே போகலாம். மேல் அடுக்கிலோ ஸ்டைஃபிளிலோ தேய்மானம் என்றால் இந்த வழியே கிடையாது, அவை அசைந்தே ஆகவேண்டிய மூட்டுகள்.

நொண்டுவதைக் கண்டுபிடிப்பது

முன்னங்கால் வலியைக் கண்டுபிடிப்பது சுலபம். வலிக்கிற கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது தாழ்த்தும். பின்னங்காலில் இப்படிப் பளிச்சென்று தெரியாது. குதிரைக்குப் பின்னால் நின்று, அது உங்களை விட்டு விலகி நேராக ஓடும்போது இடுப்பின் இரண்டு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளைப் பார்க்க வேண்டும். வலிக்கிற பக்கத்து எலும்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். கண் பழகாதவர்கள் அந்த இரண்டு எலும்புகளின்மேலும் துண்டு வெள்ளை டேப் ஒட்டிக்கொண்டு, போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். நடக்கும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. லேசாக ஓடவிட்டு எடுத்த வீடியோவில் இடது பக்கத்து டேப் துள்ளியது.

இரண்டு காலிலும் ஒரே அளவு வலி இருந்தால் இந்த வித்தையும் பலிக்காது. ஹாக் தேய்மானம் பெரும்பாலும் இரண்டு காலிலும்தான் வரும். அப்போது நொண்டலே தெரியாமல், எட்டு குறைந்து, முதுகு விறைத்து, குதிரை "சோம்பேறி" ஆகிவிட்டதுபோல் தோன்றும். இறக்கத்தில் இறங்கத் தயங்கும். சின்ன வட்டத்தில் திருப்பினால் பிடிவாதம் பிடிக்கும். பின்னங்காலின் குளம்பு முனையும் லாடத்தின் முனையும் மட்டும் சீக்கிரம் தேயும். தொடைச் சதை வற்றும்.

பாப்பா விஷயத்தில் எங்களுக்கு முதலில் உறைத்தது லாடம் அடிக்கும் இடத்தில். பதினெட்டு வருடம் ஆட்டுக்குட்டிபோல் நின்ற குதிரை, பின்னங்காலைத் தூக்கினாலே பிடுங்கிக்கொண்டது. "வயசானதும் முரண்டு புடிக்குது" என்று ஒரு லாடக்காரர் கயிற்றைக் கட்டி இழுத்தார். பிறகு வந்த பாய் ஒருவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "முரண்டு இல்லண்ணே, அதுக்கு வலிக்குது" என்றார். காலைத் தன் தொடை உயரத்துக்குத் தூக்காமல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தன் கணுக்காலின்மேல் வைத்துக்கொண்டு, குனிந்து வேலை செய்தார். அரை நிமிடத்துக்கு ஒருமுறை கீழே விட்டார். ஒரு காலைத் தூக்கும்போது முழுப் பாரமும் மற்றப் பின்னங்காலில் இறங்குகிறது, அதுவும் வலிக்கிற கால்தான் என்று விளக்கினார். வழக்கமாக அரை மணியில் முடிகிற வேலைக்கு அன்று ஒன்றரை மணி ஆயிற்று. பாப்பா ஒரு தடவைகூடப் பிடுங்கவில்லை.

கால்நடை மருத்துவர் வந்தால் காலை மடக்கி ஒரு நிமிடம் போலப் பிடித்து வைத்திருந்து, விட்டதும் ஓடவிட்டுப் பார்ப்பார். மடக்கியதால் மூட்டில் வலி கிளம்பி, முதல் சில எட்டுகள் மோசமாகும். இதில் ஒரு சிக்கல்: ஹாக்கை மடக்கினால் ஸ்டைஃபிளும் சேர்ந்தே மடங்கும். எது என்று உறுதி செய்ய, மூட்டுக்குள்ளேயே மரத்துப்போகும் ஊசி போட்டு, நொண்டல் குறைகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் எக்ஸ்ரே.

வயதான குதிரை நொண்டினால் தேய்மானம்தான் என்று நாமே முடிவுகட்டிவிடவும் கூடாது. நேற்று நன்றாக இருந்து இன்று திடீரெனக் காலை ஊன்றவே மாட்டேன் என்றால் குளம்புக்குள் சீழ், லாட ஆணி பட்ட காயம், எலும்பு முறிவு என்று வேறு காரணங்கள் இருக்கும். அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இன்னொன்று, 15 வயது தாண்டிய மட்டக்குதிரைகளில் மூளையடிச் சுரப்பி கெட்டு வரும் குஷிங் நோய். கோடையிலும் உதிராத நீண்ட சுருட்டை மயிர் அதன் பிரபலமான அடையாளம். அது குளம்புக்குள் இருக்கும் பிடிப்புத் திசுவை வீங்கச் செய்யும் லேமினைட்டிஸில் கொண்டுபோய் விடலாம். அதற்கு வைத்தியமே வேறு.

கட்டிப்போட்டால் குணமாகாது

கால் வலிக்கிறது, பாவம், ஓய்வெடுக்கட்டும் என்று கொட்டிலில் கட்டிப்போடுவதுதான் நம்மவர்கள் பாசத்தால் செய்யும் முதல் தப்பு. தசைநார் கிழிந்ததற்கும் எலும்பு முறிந்ததற்கும் ஓய்வு மருந்து. தேய்மானத்துக்கு அது விஷம் மாதிரி. குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டு அசையும்போது உள்ளிருக்கும் நீர் பிழிந்து ஊறுவதால்தான் அதற்கு ஊட்டம் போகிறது. அசையாத மூட்டு விறைக்கும். விறைத்த மூட்டைத் தாங்கும் சதை வற்றும். சதை வற்றினால் மூட்டுக்கு இன்னும் பாரம்.

ஆகவே நாள் முழுக்க மெதுவாக மேய்ந்து திரிய இடம் இருந்தால் அதைவிட நல்ல வைத்தியம் இல்லை. அது முடியாதென்றால் காலையும் மாலையும் கையில் பிடித்து நடத்துங்கள். முதல் 10, 15 நிமிடம் நடை மட்டும், நேர்கோட்டில். கயிற்றைக் கட்டிச் சுற்றிச் சுற்றி ஓட்டவே கூடாது. வட்டத்தில் ஓடும்போதுதான் அந்தக் கீழ் அடுக்குகள் முறுக்குப்படுகின்றன. தார் ரோடு அதிரும், ஆழமான மணல் காலை உள்ளே இழுக்கும். இரண்டுக்கும் நடுவே கெட்டியான மண் தரை போதும். குளிர் காலையில் விறைப்பு அதிகமாகத் தெரிந்தால் இடுப்பின்மேல் ஒரு கம்பளி போட்டு நடத்துங்கள், தப்பில்லை.

சவாரி? இது சங்கடமான கேள்வி, ஏனென்றால் மலையில் அந்தக் குதிரையின் முதுகில்தான் ஒரு வீடு சாப்பிடுகிறது. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது. அதுவும் கால் நன்றாக உள்ள குதிரைக்கு. எடையை அறிய எடைமேடை தேவையில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி சென்டிமீட்டரில் அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பின்சப்பை முனை வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வந்துவிடும். பாப்பாவுக்கு மார்புச் சுற்று 140, நீளம் 130. கணக்குப் போட்டால் 214 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு 43 கிலோதான். சேணத்தைக் கழித்தால் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் ஏறலாம், அவன் அப்பா ஏறக்கூடாது. பெரியப்பா இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. நொண்டும் குதிரைக்கோ இந்தக் கணக்கே வேண்டாம். வயதாலோ நோயாலோ வேலைக்கு லாயக்கில்லாத பிராணியை வேலை வாங்குவது 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி குற்றம்.

குதிரையின் சொந்த எடையும் அந்த மூட்டின்மேல்தான் நிற்கிறது. மட்டக்குதிரைகள் வறண்ட, குளிரான இடங்களில் கொஞ்சம் புல்லைத் தின்று பிழைத்து வந்த வம்சம். சும்மா நின்றால் காற்றைக் குடித்தே கொழுக்கும். விலாவை லேசாகத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. கழுத்து மேட்டில் கெட்டிக் கொழுப்பு சேர்ந்திருந்தால் தீவனத்தைக் குறைக்கும் நேரம். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது மனிதருக்குச் சொன்னது. குதிரைக்குக் கொள்ளு அடர்தீவனம். வேலை நின்ற மட்டக்குதிரைக்குப் பழைய பாசத்தில் அதே அளவு கொள்ளும் தவிடும் வைத்தால் கொழுத்துத்தான் போகும். உலர்ந்த புல்லே பிரதானமாக இருக்கட்டும். ஆனால் பட்டினி போடவும் கூடாது. கொழுத்த மட்டக்குதிரை திடீரென்று தீனி இல்லாமல் கிடந்தால் உடம்பின் கொழுப்பு ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும்.

லாடத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். முனை நீண்டுவிட்டால் காலைத் தூக்கி எடுக்க மூட்டு அதிகம் உழைக்கிறது. முனையை உருட்டிவிட்ட லாடம் அடித்தால் கால் சுலபமாகப் புரண்டு எழும். மூட்டுக்கென்று டப்பாவில் விற்கும் குளுக்கோசமைன் பொடிகளுக்குக் குதிரைகளில் உறுதியான சான்று இல்லை. என் காசு என்றால் அதை லாடக்காரருக்கே கொடுப்பேன்.

மருந்தும், பாறு கழுகும்

வலி மருந்து கொடுப்பதைப் பலர் ஏதோ ஏமாற்று வேலைபோல் நினைக்கிறார்கள். வலி குறைந்தால்தான் குதிரை நடக்கும், நடந்தால்தான் மூட்டு விறைக்காது. ஆகவே மருந்து இந்த ஏற்பாட்டில் ஒரு பங்கு. உலகம் முழுக்கக் குதிரைக்காரர்கள் 'பியூட்' என்று சொல்லும் ஃபீனைல்பியூட்டசோன் பழைய மருந்து. நன்றாக வேலை செய்யும், ஆனால் வயிற்றுப்புண், பெருங்குடல் புண், சிறுநீரகக் கோளாறு என்று பின்விளைவுகள் உண்டு. பெரிய குதிரைகளைவிட மட்டக்குதிரைகளுக்கு அதன் நச்சு சீக்கிரம் ஏறும். அதனால்தான் எடைக் கணக்கு முக்கியம். பெரிய குதிரைக்கு எழுதிய அளவைப் பக்கத்துக் கொட்டிலிலிருந்து கடன் வாங்கக்கூடாது. இரண்டு வலி மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. மெலாக்சிகாம், ஃபிரோகாக்சிப் என்று வேறு மருந்துகளும் இருக்கின்றன. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில மாதங்கள் நிம்மதி கிடைக்கலாம். ஆனால் குஷிங் உள்ள, அல்லது கொழுத்த மட்டக்குதிரையில் அது லேமினைட்டிஸைக் கிளப்பிவிடுமோ என்ற பயம் மருத்துவருக்கு இருக்கும். முதலில் ரத்தப் பரிசோதனை கேட்டால் எரிச்சல்படாதீர்கள்.

ஊட்டி, மசினகுடிப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கீழே மாயாறு பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன. தென்னிந்தியாவில் அவற்றுக்கு மிஞ்சியிருக்கும் ஒருசில இடங்களில் அது முக்கியமானது. மாடுகளுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் செத்த உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததால்தான் 1990களில் இந்தியாவின் பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்தன. கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக்கை இந்தியா 2006இல் தடை செய்தது. கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கு செய்யாது என்று சோதித்து உறுதி செய்திருக்கிறார்கள். மெடிக்கல் கடையில் மனிதருக்கான வலி ஊசியை வாங்கி வந்து நாமே குத்துவது குதிரைக்கும் நல்லதல்ல, வானத்தில் சுற்றுகிறவற்றுக்கும் நல்லதல்ல.

படுக்கிறதா என்று பாருங்கள்

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது பாதி உண்மை. ஸ்டைஃபிளில் முட்டிச்சிப்பியைக் கொக்கி போல மாட்டிக்கொண்டு, சதைக்கு வேலை கொடுக்காமல் நின்று கண்ணயர அதால் முடியும். ஆழ்ந்த தூக்கத்துக்கு மட்டும் படுத்தே ஆகவேண்டும். நாளுக்கு அரை மணி, ஒரு மணி போதும். பின்னங்கால் வலிக்கிற குதிரை, படுத்தால் எழ முடியாது என்று பயந்து படுப்பதையே விட்டுவிடுகிறது. பிறகு நின்றபடியே ஆழ்ந்து உறங்கி, முன்னால் சரிந்து, முன்னங்கால் மடங்கி விழித்துக்கொள்ளும். பாப்பாவின் முன்னங்கால்களில், குளம்புக்கு மேலே உள்ள மூட்டின் முன்பக்கம், காசு அளவில் சிராய்ப்பு ஆறுவதும் மறுபடி வருவதுமாக இருந்தது. கல்லில் இடறியிருக்கும் என்று மஞ்சள் தடவிக்கொண்டிருந்தோம். அது தூங்காத குதிரையின் காயம் என்று மருத்துவர் சொன்னபோதுதான், காலையில் அதன் உடம்பில் வைக்கோலோ சாணிக் கறையோ ஒட்டியிருந்தே பல வாரம் ஆயிற்று என்பது நினைவுக்கு வந்தது. சிமென்ட் தரையில் ஒரு முழம் உயரத்துக்கு வைக்கோல் பரப்பி, கொட்டிலின் குறுக்குக் கட்டையை எடுத்து இடத்தை அகலமாக்கினோம். ராத்திரிக்கு மெலாக்சிகாம். ஐந்தாம் நாள் விடிகாலையில் அதன் இடது விலாவெல்லாம் வைக்கோல்.

அதற்குப் பிறகு இரண்டரை வருடம் இருந்தது. உங்கள் குதிரை மருந்து கொடுத்தும் படுக்கவில்லை, மேய நகரவில்லை, காது பின்னுக்கு விறைத்து, கண்ணுக்கு மேலே சுருக்கம் விழுந்து, தாடை இறுகியே நிற்கிறது என்றால் மருத்துவரிடம் கடைசி ஊசியைப் பற்றிப் பேசத் தயங்க வேண்டாம். பேசும்போதே குழிக்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள். அந்த ஊசியில் இருக்கும் பென்டோபார்பிட்டல் உடலில் அப்படியே தங்கும். நாயோ நரியோ பாறோ அதைத் தின்றால் அவையும் சாகும். ஆழமாகத் தோண்டி, அன்றே மூட வேண்டும். மழைக்காலத்தில் மலையில் குழி தோண்ட ஜேசிபி கிடைப்பது சுலபமில்லை, முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.